மரவள்ளிக் குச்சியை எந்த மாதத்தில் தேர்ந்தெடுப்பது?

உருளைக்கிழங்குக்கு விதை எது என்று கேட்டால் எல்லோரும் கிழங்கையே காட்டுவார்கள். அது சரிதான். குளிர்நாட்டு விவசாயி தோண்டிய கிழங்கில் ஒரு பங்கை எடுத்து வைத்து, அடுத்த ஆண்டு அதையே நடுகிறார். நம் ஆயர் தாவாரில் அது பலிக்காது. சமையலறைக் கூடையில் முளைவிட்ட உருளைக்கிழங்கை வீட்டுக்குப் பின்னால் ஊன்றிப் பார்த்தால் செடி தளதளவென்று வரும். தோண்டினால் ஒன்றும் இருக்காது. இருந்தாலும் கோலிக்குண்டு அளவில் நான்கைந்து கிடைக்கும்.

காரணம் நம் இரவுகள். இலையில் உண்டாகும் மாவுச்சத்தை மண்ணுக்கடியில் கிழங்காகச் சேர்க்கும் வேலை, உருளைச் செடியில் குளிர்ந்த இரவுகளில்தான் நன்றாக நடக்கும். இரவு வெப்பம் 20 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கினால் அதற்கு நல்லது. மஞ்சோங் மாவட்டத்தின் சமவெளியில் நள்ளிரவிலும் 23, 24 பாகை இருக்கும். செடி தன் பலத்தை எல்லாம் இலைக்கும் தண்டுக்குமே செலவழித்துவிடுகிறது.

நம் மண்ணுக்கும் வெயிலுக்கும் ஏற்ற கிழங்கு மரவள்ளி. தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு அதைப் புதிதாக அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. கிழங்கைப் பிடுங்கியதும் தண்டைச் சாண் சாணாக வெட்டி அங்கேயே ஊன்றிவிடுவது நம் வழக்கம். அந்த வழக்கத்தில் ஒரு சிறு மாற்றம் செய்தால் போதும். அடுத்த விளைச்சல் நன்றாக இருக்கும். அந்த மாற்றம் என்ன, அது ஏன் இப்போது அவசரமாகிறது என்பதைப் பார்ப்போம்.

வேருக்குக் கண் இல்லை

உருளைக்கிழங்கு உண்மையில் வேர் அல்ல. மண்ணுக்கடியில் ஓடும் தண்டின் நுனி பருத்துத்தான் அந்தக் கிழங்கு உண்டாகிறது. தண்டு என்பதால் அதில் மொட்டுகள் உண்டு. அவற்றைத்தான் 'கண்' என்கிறோம். ஒவ்வொரு கண்ணும் ஒரு புதுச் செடியாகும்.

மரவள்ளிக்கிழங்கு அப்படியில்லை. அது பருத்த வேர். அதில் கண் கிடையாது. ஈரமண்ணில் புதைத்து வைத்தாலும் அது அழுகுமே தவிர முளைக்காது. எடுத்து வைப்பதும் முடியாது. பிடுங்கிய இரண்டு மூன்று நாளில் உள்ளே கறுநீலக் கோடுகள் ஓடத் தொடங்கிவிடும். பிடுங்கும்போது ஏற்படும் காயத்தை ஆற்ற வேர் முயல்வதும், அந்த முயற்சியில் அதன் திசுக்கள் காற்றிலுள்ள ஆக்சிஜனால் கெடுவதும்தான் அந்தக் கோடுகளாகத் தெரிகின்றன.

ஆனால் தண்டில் ஒவ்வொரு கணுவிலும் ஒரு மொட்டு உறங்கிக் கொண்டிருக்கிறது. ஆகவே இந்தப் பயிரில் தின்பது வேறு, நடுவது வேறு. கிழங்கு முழுவதையும் சமைத்துவிட்டாலும் அடுத்த பயிருக்கு ஒரு குறையும் வராது.

விதையைத் தின்ற பஞ்சம்

இந்த வேறுபாடு சின்ன விஷயமாகத் தோன்றலாம். பஞ்சகாலத்தில் அது உயிர்ப் பிரச்சினை. அயர்லாந்தில் 1845இல் உருளைக்கிழங்கைக் கருகல் நோய் தாக்கியது. 1846இல் விளைச்சல் ஏறக்குறைய முழுவதும் போயிற்று. 1847இல் நோய் தணிந்திருந்தது. நட்ட இடத்தில் விளைச்சலும் மோசமில்லை. இருந்தும் பஞ்சம் தீரவில்லை. விதைக்கு வைத்திருந்த கிழங்கையும் மக்கள் பசியில் தின்றுவிட்டதால், நடுவதற்குக் கிழங்கு போதவில்லை.

மலாயாவில் 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சி நடந்தபோது இங்கும் சோற்றுக்குப் பஞ்சம் வந்தது. பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்துகொண்டிருந்த அரிசி சுருங்கிப் போயிற்று. தோட்டங்களிலும் கம்பங்களிலும் கையகல நிலம் கிடைத்தாலும் மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் நட்டார்கள். அந்தத் தலைமுறையின் பேச்சில் 'ஜப்பான் காலம்' என்றாலே மரவள்ளிக்கிழங்குதான் முதலில் வரும். அது பசியை ஆற்றியதற்கு ஒரு முக்கியக் காரணம், நடுவதற்காக யாரும் வயிற்றைக் கட்ட வேண்டியிருக்கவில்லை என்பது. சர்க்கரைவள்ளிக்கும் அப்படித்தான், கிழங்கைத் தின்றுவிட்டுக் கொடியை நடலாம்.

ஒரே செடியின் நகல்கள்

மரவள்ளியும் ரப்பரும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆமணக்கும் அந்தக் குடும்பம்தான். இரண்டுக்கும் பூர்வீகம் அமேசான் காடுகளை ஒட்டிய தென்னமெரிக்கா. மரவள்ளித் தண்டைக் கீறினால் பால் வடிவது இந்த உறவின் அடையாளம்.

பால் மரத்தோடு பழகியவர்களுக்கு இன்னொரு விஷயமும் எளிதில் புரியும். ஆர்ஆர்ஐஎம் 600 என்ற ரகத்தை நினைத்துப் பாருங்கள். 1925இல் தொடங்கப்பட்ட மலாயா ரப்பர் ஆய்வுக் கழகம் உருவாக்கிய ரகம் அது. ஒரே ஒரு தாய்மரத்தின் மொட்டை எடுத்து, கன்றுகளில் ஒட்டுக்கட்டி, மீண்டும் அவற்றிலிருந்து மொட்டெடுத்து ஒட்டுக்கட்டிப் பெருக்கினார்கள். ஆயிரம் ஏக்கரில் நின்றாலும் வெட்டுப்பட்டைக்கு மேலே அவை அனைத்தும் மரபணுவில் ஒரே மரம். இதைத்தான் குளோன் என்கிறோம்.

மரவள்ளிக் குச்சியும் அதேதான். உங்கள் வீட்டு மரவள்ளி, அதைக் கொடுத்த பக்கத்து வீட்டு மரவள்ளி, அவருக்குக் கொடுத்தவரின் மரவள்ளி எல்லாம் ஒரே செடியின் நீட்சி. மரவள்ளி பூத்து விதையும் விடும். ஆனால் விதையிலிருந்து வரும் செடி ஒவ்வொன்றும் ஒவ்வொரு குணமாக இருக்கும். புது ரகம் தேடும் ஆய்வாளருக்கு அது உதவும். வீட்டுக்கு வேண்டியது குச்சிதான்.

குச்சியில் ஆதாயமும் ஆபத்தும் ஒன்றாகவே வருகின்றன. தாய்ச்செடியின் நல்ல சுவை, மாவுப்பதம், சீக்கிரம் விளையும் குணம் எல்லாம் மாறாமல் வரும். தாய்ச்செடியின் நோயும் வரும். விதைப்பயிர்களில் பெரும்பாலான வைரஸ்கள் விதைக்குள் நுழைவதில்லை. ஒவ்வொரு விதைப்பும் ஏறக்குறைய புதுக்கணக்கு. குச்சியில் அந்த வசதி இல்லை. போன பயிரின் பாக்கி அப்படியே அடுத்த பயிரின் கணக்கில் ஏறுகிறது.

உருளைக்கிழங்கிலும் இதே கதை உண்டு. எடுத்து வைத்த கிழங்கையே திரும்பத் திரும்ப நட்டால் சில ஆண்டுகளில் விளைச்சல் சிறுத்துவிடுவதை ஐரோப்பிய விவசாயிகள் நெடுங்காலமாகக் கண்டார்கள். ரகத்துக்கு வயதாகிவிட்டது என்று நினைத்தார்கள். அசுவினிப் பூச்சிகள் பரப்பிய வைரஸ்கள் ஆண்டுக்காண்டு கிழங்கில் சேர்ந்ததே காரணம் என்பது இருபதாம் நூற்றாண்டில்தான் தெளிவாயிற்று.

குச்சியோடு வரும் தேமல்

மரவள்ளியில் இப்படித் தொடரும் நோய்களில் மோசமானது தேமல் நோய். 1894இல் இன்றைய தான்சானியாவில் முதலில் பதிவானது. இலையில் பச்சையும் மஞ்சளும் திட்டுத் திட்டாகக் கலந்திருக்கும். இலை கோணிச் சுருங்கும், செடி குட்டையாகும், கிழங்கு பருக்காது.

இதற்குக் காரணமான வைரஸின் மரபுப்பொருள் இரண்டு சிறு வளையங்கள். ஒவ்வொன்றிலும் சுமார் 2,700 மரபெழுத்துகளே இருக்கின்றன. அவ்வளவு சிறிய ஒன்று ஒரு வட்டாரத்தின் பயிரையே அழிக்க வல்லது. 1990களில் உகாண்டாவில், இரண்டு வகைத் தேமல் வைரஸ்கள் கலந்து உருவான கடுமையான ஒரு வகை பரவியபோது, விவசாயிகள் மரவள்ளியையே கைவிட நேர்ந்தது. பல ஊர்களில் பட்டினி வந்தது.

நோய் பரவும் வழிகள் இரண்டு. ஒன்று வெள்ளை ஈ. இலைக்கு அடியில் கூட்டமாக உட்கார்ந்து சாறு உறிஞ்சும் அந்தச் சிறு பூச்சி நோயுள்ள செடியிலிருந்து நல்ல செடிக்கு வைரஸைக் கொண்டுபோகிறது. மற்றொன்று மனிதன் கொண்டுபோகும் குச்சி. வெள்ளை ஈ தானாகச் செல்லும் தூரத்துக்கு எல்லை உண்டு. லாரியில் ஏறும் குச்சிக் கட்டுக்கு அப்படி எல்லை கிடையாது.

2015இல் கம்போடியாவின் ரத்தனகிரி மாநிலத்தில் இந்த நோய் கண்டறியப்பட்டது. தென்கிழக்காசியாவில் அதுவே முதல் பதிவு. ஆய்வில் தெரிந்த வைரஸ், இலங்கையின் பெயரைத் தாங்கிய இலங்கை மரவள்ளித் தேமல் வைரஸ். தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் நீண்ட நாட்களாக இருந்துவருவதும் அதுதான். 2017இல் வியட்நாமிலும், 2018இல் நம் வடக்கு எல்லைக்கு அப்பால் தாய்லாந்திலும் அது பதிவாயிற்று. எல்லை கடந்து விற்கப்பட்ட குச்சிகள் இந்தப் பரவலுக்குப் பெரிய காரணம். விற்றவரும் வாங்கியவரும் நோயை நினைத்திருக்க மாட்டார்கள். இலை உதிர்த்துக் கட்டிய குச்சியில் தேமல் எங்கே தெரியப்போகிறது?

சேலத்தில் செய்தது

தேமலோடு பழகிய மண்ணில் என்ன செய்கிறார்கள் என்று பார்ப்பது நமக்கு உதவும். தமிழ்நாட்டில் சேலம், நாமக்கல் வட்டாரங்களில் மரவள்ளிதான் ஜவ்வரிசி ஆலைகளின் மூலப்பொருள். எச்-226 என்ற ரகம் அங்கே நெடுங்காலமாகப் பரவலாக இருந்துவருகிறது. மாவு நன்றாகத் தரும். தேமலுக்கு எளிதில் ஆட்படும். திருவனந்தபுரத்தில் 1963இல் தொடங்கப்பட்ட மத்தியக் கிழங்குப்பயிர் ஆராய்ச்சி நிலையம் இரண்டு வழிகளில் இதைச் சமாளிக்கப் பார்த்தது. ஒன்று, நோயைத் தாங்கும் ரகம். ஆப்பிரிக்காவிலிருந்து பெறப்பட்ட வகையிலிருந்து வந்த ஸ்ரீ பத்மநாபா அப்படிப்பட்டது.

இரண்டாவது வழி, நோயில்லாத குச்சியை உருவாக்குவது. செடியின் வளர்நுனியில், ஊசிமுனை அளவே உள்ள பகுதியில், சாறு ஓடும் குழாய்கள் இன்னும் உருவாகியிருக்காது. வைரஸ் அந்தக் குழாய்கள் வழியாகவே வேகமாகப் பயணிப்பதால், அந்த நுனியை எட்டுவது அதற்குக் கடினம். அந்த நுனியை மட்டும் வெட்டியெடுத்துச் சோதனைக்குழாயில் வளர்த்தால், நோயுள்ள ரகத்திலிருந்தே நோயில்லாத செடியைப் பெறலாம். ஆனால் அந்தச் செடி வயலுக்கு வந்தபின் மறுபடி நோய் தொற்றாமல் இருக்க விவசாயிதான் காவல் காக்க வேண்டும். அதற்கு ஆய்வுக்கூடம் தேவையில்லை. காலம் அறிந்து பார்க்கும் கண் போதும்.

மூன்றாம் மாதத்தில் அடையாளம் கட்டுங்கள்

நம் வழக்கத்தில் மாற்ற வேண்டியது இதைத்தான். கிழங்கு பிடுங்கும் நாளில்தான் நாம் குச்சியைத் தேடுகிறோம். அப்போது செடிக்கு எட்டு முதல் பன்னிரண்டு மாதமாகியிருக்கும். கீழிலைகள் உதிர்ந்து, உச்சியில் மட்டும் ஒரு கொத்து மிச்சமிருக்கும். நோயுள்ள செடி எது, நல்ல செடி எது என்று அப்போது பிரித்தறிவது கடினம். இதில் இன்னொரு வம்பும் உண்டு. நன்றாக விளைந்த செடியின் குச்சியைக் கேட்டவருக்கெல்லாம் கொடுத்துவிட்டு, மிஞ்சியதை நமக்கு நடுவோம்.

நட்ட மூன்றாவது, நான்காவது மாதத்தில் ஒரு நாள் செடிகளைச் சுற்றிவாருங்கள். இலைகள் நிறைந்திருக்கும் அந்தப் பருவத்தில் தேமல் தெளிவாகத் தெரியும். இலை முழுதும் ஒரே பச்சையாக, கோணாமல், நல்ல உயரத்தில் நிற்கும் செடிகளின் தண்டில் ஒரு துணி நாடாவைக் கட்டிவையுங்கள். அவையே உங்கள் விதைச்செடிகள். பிடுங்கும் நாளில் நாடா கட்டியவற்றிலிருந்து மட்டும் குச்சி எடுங்கள். கென்யாவில் உருளைக்கிழங்கு விவசாயிகளுக்கும் இதே முறையைத்தான் ஆய்வாளர்கள் கற்றுத் தந்தார்கள். பூக்கும் பருவத்தில் நல்ல செடிக்குப் பக்கத்தில் ஒரு குச்சி நட்டு அடையாளம் வைத்து, அதன் கிழங்கையே விதைக்கு எடுக்கும் முறை அது.

மஞ்சளித்த இலையெல்லாம் தேமல் என்று பயப்பட வேண்டாம். உரம் போதாமல் வரும் மஞ்சள், இலையின் நடுநரம்புக்கு இரு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். தேமலின் திட்டுகளில் அந்த ஒழுங்கு இருக்காது; ஒரு பக்கம் ஒரு மாதிரி, மறுபக்கம் வேறு மாதிரி. இலையும் ஒருபக்கமாக இழுத்துக் கோணியிருக்கும்.

நோய் எந்த வழியாக வந்தது என்பதையும் செடியே காட்டும். துளிர்த்த முதல் இலையிலிருந்தே தேமல் இருந்தால் அது குச்சியோடு வந்தது. கீழிலைகள் நன்றாக இருந்து மேலிலைகளில் மட்டும் தேமல் தெரிந்தால் பிறகு வெள்ளை ஈ கொண்டுவந்தது. குச்சியோடு வந்த நோய்தான் விளைச்சலை அதிகம் குறைக்கும். ஏனென்றால் கிழங்கு உண்டாகத் தொடங்கும் முன்பே செடி நலிந்துவிடுகிறது. முதல் வகைச் செடிகளை முதல் ஓரிரு மாதத்திலேயே வேரோடு பிடுங்கிவிடுவது நல்லது. நோயுள்ள செடியின் கிழங்கை உண்பதால் நமக்குக் கேடில்லை. அந்த வைரஸ் மனிதரைத் தொற்றாது.

வெட்டுவதும் வைப்பதும்

தண்டின் அடிப்பகுதி முற்றி மரமாகியிருக்கும். உச்சி இளசாக இருக்கும். இரண்டையும் விட்டு நடுப்பகுதியை எடுங்கள். குறுக்கே வெட்டிப் பாருங்கள். நடுவில் தக்கைபோல் வெள்ளையாக மெத்தென்றிருக்கும் பகுதி, தண்டின் குறுக்களவில் பாதிக்கு மேல் இருந்தால் அது இன்னும் முதிரவில்லை. நகத்தால் பட்டையைக் கீறினால் உடனே பால் கசிய வேண்டும். பால் வராத குச்சியில் உயிர் குறைவு.

குச்சி ஒரு சாண் நீளம், அதாவது 20 முதல் 25 சென்டிமீட்டர் இருந்து, ஐந்து முதல் ஏழு கணுக்களைக் கொண்டிருந்தால் போதும். கூர்மையான கத்தியால் நேராக வெட்டுங்கள். மழுங்கிய பாராங்கால் கொத்தினால் முனை சிதைந்து அழுகும். ஒரு செடியை வெட்டியபின் கத்தியைக் கழுவித் துடைத்து, குளோரக்ஸ் போன்ற வெளுப்பானைத் தண்ணீரில் கலந்து அதில் நனைத்தபிறகே அடுத்ததை வெட்டுங்கள். தேமல் கத்தியால் பரவுவது அரிது. ஆனால் மரவள்ளியின் பாக்டீரியக் கருகல் நோய் கத்தியிலும் தொற்றிச் செல்லும். நடும்போது மொட்டு மேல்நோக்கியிருக்க வேண்டும். இலை விழுந்த தழும்புக்கு மேலேதான் மொட்டு இருக்கும் என்பதை வைத்துத் தலை எது, கால் எது என்று கண்டுகொள்ளலாம்.

பேராக்கில் ஆண்டு முழுதும் மழை கிடைப்பதால் வெட்டிய ஓரிரு நாளில் நட்டுவிடலாம். அதுவே சிறந்தது. இடம் தயாராகவில்லை என்றால், சிறு குச்சிகளாக வெட்டாமல் நீளத் தண்டுகளாகவே கட்டி, மரநிழலில், அடிப்பகுதி ஈரமண்ணைத் தொடும்படி செங்குத்தாக நிறுத்தி வையுங்கள். வெட்டுமுனைகள் குறைவாக இருந்தால் ஈரமும் குறைவாகவே வெளியேறும். கோடையில் நடவில்லாத கேரளத்திலும் இப்படித்தான் நிழலில் நிறுத்திப் பாதுகாக்கிறார்கள். இரண்டு மாதத்தைத் தாண்டினால் முளைக்கும் திறன் குறைந்துகொண்டே போகும்.

பிறரிடம் குச்சி வாங்கும்போது ஒரு கேள்வி கேட்க மறக்காதீர்கள்: இது சாப்பாட்டு ரகமா, மாவு ரகமா? மார்டி வெளியிட்ட ஸ்ரீ காஞ்சி போன்றவை மாவுக்கான ரகங்கள். மலாய் மொழியில் மாவுச்சத்தைக் குறிக்கும் அந்தச் சொல், நம் 'கஞ்சி'யிலிருந்து போனதுதான். மரவள்ளி எல்லாவற்றிலுமே சயனைடு நஞ்சைத் தரும் பொருள் ஓரளவு உண்டு. கசப்பு ரகங்களில் அது மிக அதிகம். தண்டைப் பார்த்து இதை அறிய முடியாது. எந்த ரகமானாலும் தோலை நீக்கி, துண்டாக்கி, நிறையத் தண்ணீரில் நன்றாக வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும்.

பையில் போட்டுக்கொண்டு வரவேண்டாம்

இந்தியாவுக்கோ இலங்கைக்கோ தாய்லாந்துக்கோ போகும்போது உறவினர் வீட்டுக் கிழங்கின் சுவை பிடித்துப்போய், இரண்டு குச்சியைப் பையில் போட்டுக்கொண்டு வரத் தோன்றலாம். அனுமதியின்றி நடுபொருள் கொண்டுவருவது 1976ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் சட்டப்படி குற்றம். அந்தக் கட்டுப்பாட்டின் அருமையை ரப்பர் நாட்டில் வாழும் நமக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. தென்னமெரிக்க இலைக்கருகல் நோயால் ரப்பர் தன் பூர்வீக மண்ணிலேயே பெருந்தோட்டப் பயிராகத் தழைக்க முடியாமல் போயிற்று. ஆசியாவுக்கு அந்த நோய் இன்னும் வரவில்லை. நம் பால் மரங்கள் அனைத்தும் அந்தத் தடுப்பின் நிழலில்தான் நிற்கின்றன.

மரவள்ளிக்கும் அதே காவல் வேண்டும். உங்கள் செடிகளில் மேலே சொன்ன கோணல் திட்டுகளைக் கண்டால், அதிலிருந்து யாருக்கும் குச்சி கொடுக்காதீர்கள். படம் எடுத்துக்கொண்டு மாவட்ட விவசாய அலுவலகத்தில் காட்டுங்கள். நல்ல செடிகளுக்கு நாடா கட்டும் வேலை, இருபது செடி வைத்திருப்பவருக்கு அரைமணி நேரத்தில் முடிந்துவிடும்.